மரியாதையாக ஜெர்மன் பேச ஒரு வகுப்பு: 180 யூரோ கொடுத்துப் போகலாமா?

ஹாம்பர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். ஜெர்மன் மொழியில் பி2 தேர்வு (ஏ1 முதல் சி2 வரை உள்ள ஆறு படிகளில் நாலாவது) பாஸ் செய்துவிட்டுத்தான் வந்தேன், நர்ஸ் படிப்புக்கு இங்கே அங்கீகாரம் வாங்க அதைத்தான் கேட்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த நாலாவது மாதம், ஒரு நாள் காலையில் 88 வயது அம்மா ஒருவருக்கு இறுக்கமான மருத்துவக் காலுறை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். "ஸீ ம்யுஸன் டாஸ் பைன் ஹேபன்" என்றேன். நீங்க காலைத் தூக்கணும். இவ்வளவுதான் சொன்னேன், மெதுவான குரலில்தான் சொன்னேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, முகத்தைப் பார்த்து, "எந்நேரமும் எனக்கு உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்" என்று ஜெர்மனில் சொன்னார். கோபமாகக்கூட இல்லை, களைப்பாகச் சொன்னார். அன்று முழுக்க அது மனதை விட்டுப் போகவில்லை.

என் வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் கிடையாது. ஆனால் தமிழில் "தூக்கணும்" என்று சொல்லும்போது குரலிலும் கூடவே வரும் "ம்மா"விலும் இருக்கிற கனிவு, ஜெர்மனில் "ம்யுஸன்" என்று மாறும்போது அப்படியே கழன்று விழுந்துவிடுகிறது. ம்யுஸன் என்றால் கட்டாயம், வேறு வழியில்லை. வயதானவர் ஒருவரிடம் காலை ஆறரை மணிக்கு ஒரு நாளைக்குப் பத்து தடவை அதைச் சொன்னால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

எங்கள் பிரிவின் பொறுப்பாளரிடம் இதைச் சொன்னபோது அவர்தான் இந்த மாலை வகுப்பைப் பற்றிச் சொன்னார். மருத்துவமனை, முதியோர் இல்லம், பகல்நேரப் பராமரிப்பு இதிலெல்லாம் வேலை செய்கிற வெளிநாட்டவருக்காகவே நடத்துகிறார்கள். பத்து வாரம், செவ்வாய் மாலை, 90 நிமிடம், நேரில்தான், நாங்கள் பதினோரு பேர் இருந்தோம். கட்டணம் 180 யூரோ. என் இல்லம் பாதி கொடுத்தது, மீதி நான் கட்டினேன். வகுப்பு நடத்தும் நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப் போகிறேன். ஆனால் இந்த மாதிரி வகுப்புகள் ஜெர்மனியில் பல ஊர்களில் நடக்கின்றன, நீங்கள் ஒன்றில் சேர யோசிக்கிறீர்கள் என்றால் எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்று இதில் தெரிந்துகொள்ளலாம்.

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மன் சொற்களைத் தமிழில்தான் எழுதுகிறேன், அதனால் சில ஒலிகள் சரியாக வராது. முக்கியமாக, மேலே இரண்டு புள்ளி வைத்த ஓ. அதை "எ" என்று எழுதியிருக்கிறேன். வாயில் "எ" சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் "ஒ"வுக்குக் குவிக்க வேண்டும். இது சின்ன விஷயம் இல்லை. "கென்டன் ஸீ" என்று உதடு குவித்துச் சொன்னால் "உங்களால் முடியுமா" என்ற மென்மையான கேள்வி. புள்ளியை விட்டு "கொன்டன் ஸீ" என்று சொன்னால் "உங்களால் முடிந்ததா" என்று கடந்த காலமாகிவிடும். மரியாதை முழுக்க அந்த இரண்டு புள்ளியில் தொங்குகிறது. எங்கள் ஆசிரியை முதல் வகுப்பிலேயே அரை மணி நேரம் இதற்கு மட்டும் செலவழித்தார், ஒவ்வொருவர் வாயையும் பார்த்துத் திருத்தினார். இந்த வகுப்பைப் பற்றி எனக்கு வந்த முதல் நல்ல அபிப்பிராயம் அதுதான்.

இரண்டாவது வகுப்பில் செய்த பயிற்சிதான் மொத்தப் படிப்பிலும் சிறந்தது. ஆசிரியை ஒரே ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டார், மேஜையில் இருக்கும் டம்ளரை எடுத்துத் தரச் சொல்வது. "கேபன் ஸீ மிர் டாஸ் க்ளாஸ்", டம்ளரைக் கொடுங்கள். அடுத்ததில் ஒரு "பிட்டெ", அதாவது தயவுசெய்து, சேர்ந்தது. அப்புறம் "கென்னன் ஸீ" என்று கேள்வியாக மாறியது. அப்புறம் "கென்டன் ஸீ மிர் பிட்டெ மால் டாஸ் க்ளாஸ் கேபன்?" கடைசியில் "வேரன் ஸீ ஸோ நெட்", அதாவது அவ்வளவு நல்ல மனசு பண்ணி எடுத்துத் தருவீர்களா என்கிற அளவுக்குப் போயிற்று. இதைப் பலகையில் ஏணி மாதிரி வரைந்தார். இது வரைக்கும் எந்தப் புத்தகத்திலும் இருக்கும். அதற்கு மேல் அவர் செய்ததுதான் விசேஷம். ஏணியின் ஒவ்வொரு படியையும் கடுகடுத்த குரலில் ஒரு முறை, இதமான குரலில் ஒரு முறை எங்களைச் சொல்ல வைத்தார், மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். கேட்டபோது எல்லோருக்கும் புரிந்தது, இதமாகச் சொன்ன முதல் படி, கடுகடுப்பாகச் சொன்ன கடைசிப் படியை விட எவ்வளவோ மேல். அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: கூட வேலை செய்யும் தோழியிடம் "வேரன் ஸீ ஸோ நெட்" என்று போட்டால் அது மரியாதை ஆகாது, உன் மேல் வருத்தமாக இருக்கிறேன் என்று காட்டுவது போலாகிவிடும். அவசரத்தில் யாராவது கீழே விழுந்து கிடக்கும்போது ஏணியில் ஏறிக்கொண்டிருக்க வேண்டாம், "ஷ்னெல்!", சீக்கிரம், என்று ஒரே சொல், அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்தக் "கென்டன்", "வ்யூர்டன்", "ஹெட்டெ", "வேரெ" எல்லாம் கொன்யுங்க்டீஃப் 2 என்கிற வினை வடிவம். நடக்காத, நடந்தால் நன்றாக இருக்கும் என்கிற விஷயத்தைச் சொல்வதற்கான வடிவம் அது. அதில் ஏன் மரியாதை வருகிறது என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. நம்மிடம் "காலைத் தூக்குங்க" என்பதற்கும் "காலைத் தூக்கினா நல்லா இருக்கும்" என்பதற்கும் என்ன வித்தியாசமோ அதுதான். இரண்டாவதில், முடியாது என்று சொல்ல எதிராளிக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஜெர்மன்காரர்கள் அந்த வாசலை வினைச்சொல்லுக்குள்ளேயே கட்டி வைத்திருக்கிறார்கள்.

கடைகளிலும் இதேதான் நடக்கிறது. நமக்கு "வேணும்" என்ற சொல் உடனே வாயில் வரும், அதை "இஷ் வில்" என்று மாற்றிவிடுகிறோம். "இஷ் வில் ட்ஸ்வை ப்ரெட்ஷென்" என்றால் பேக்கரியில் பன் கிடைக்கும், ஆனால் அது சின்னக் குழந்தை அடம் பிடிப்பது போல் இருக்கும். "இஷ் ஹெட்டெ கெர்ன்" என்று ஆரம்பிக்க வேண்டும். "இஷ் பெகொம்மெ" என்றும் சொல்வார்கள், எனக்கு இது கிடைக்கும் என்பது போன்ற ஒரு சாதாரண வழக்கு, அதுவும் மரியாதைக் குறைவில்லை. எல்லாம் வாங்கி முடித்ததும் "வேறு ஏதாவது?" என்று கேட்டால் "நைன் டாங்கெ, டாஸ் வேர்ஸ்". அவ்வளவுதான் என்று சொல்வதற்குக்கூட "வேரெ"யைப் போடுகிறார்கள் பாருங்கள். இந்தப் பகுதியை வகுப்பில் சீக்கிரமாக முடித்துவிட்டார்கள், அது சரியும்கூட, கடைக்குப் போனால் இரண்டு வாரத்தில் தானாக வந்துவிடும்.

சரி, குறைக்கு வருகிறேன். மூன்று முழு வகுப்புகளை டு, ஸீ வித்தியாசத்துக்கு ஒதுக்கினார்கள். ஆங்கிலம் வழியாக ஜெர்மன் கற்றவர்களுக்கு அது புதிதாக இருக்கலாம். தமிழ் பேசுகிறவர்களுக்கு நீ, நீங்கள் என்பது பால் குடிக்கும்போதே வந்தது. அதிலும் ஜெர்மன் ஸீ என்பது "அவர்கள்" என்ற படர்க்கைப் பன்மையிலிருந்து வந்தது, வினையும் அப்படியே பன்மையில்தான் வரும். எதிரில் இருக்கும் ஒருவரைப் பன்மையால் உயர்த்துவது நமக்குப் புரியாத தத்துவம் இல்லை, "அம்மா வந்தாங்க" என்று ஒருத்தரைத்தான் சொல்கிறோம். எழுதும்போது இந்த ஸீக்குப் பெரிய எழுத்துப் போட வேண்டும், அதை மறந்தால்தான் தப்பு.

ஆனால் அந்த மூன்று வகுப்புகளில் இரண்டு விஷயம் எனக்கு உண்மையிலேயே பயன்பட்டது. ஒன்று, டு சொல்லலாம் என்று யார் முதலில் சொல்ல வேண்டும் என்பது. வயதில் மூத்தவரோ பதவியில் பெரியவரோதான் சொல்ல வேண்டும், நாமாக ஆரம்பிக்கக் கூடாது. எங்கள் இல்லத்தில் வேலை செய்பவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் டு, ஆனால் அங்கே வசிக்கும் முதியவர்கள் எல்லோரும் ஸீ, குடும்பப் பெயரோடு ஃப்ராவ் (திருமதி), ஹெர் (திரு). ஒருவருக்கு மறதி நோய் வந்து தன் பெயரே தெரியாமல் போனாலும் ஸீதான். இரண்டாவது, முறைப் பெயர். எண்பது வயது அம்மாவைப் பார்த்தால் நமக்குப் பாட்டி என்று கூப்பிடத்தான் வரும், பாட்டி என்பதுதான் நம் மரியாதை. அதை "ஓமா" என்று மொழிபெயர்த்துக் கூப்பிட்டால், உங்கள் சொந்தப் பேத்தி இல்லாத ஒருத்தி உங்களைக் கிழவி என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். என் கூடப் படித்த ஒருவர் தான் வேலை பார்க்கும் வார்டில் பாசமாக அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், வகுப்பில் இதைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது. ஆசிரியை அவரைத் திட்டவில்லை. "உங்கள் மொழியில் அது எவ்வளவு அழகான சொல் என்று எனக்குப் புரிகிறது, ஆனால் அவர்களுக்குத் தங்கள் குடும்பப் பெயர்தான் மரியாதை, அதுதான் அவர்களிடம் கடைசியாக மிச்சம் இருக்கிறது" என்றார். அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஹாம்பர்க்கில் குடும்பப் பெயர் இல்லாமல் முதல் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஸீ போடும் வழக்கமும் உண்டு, ஹாம்பர்கர் ஸீ என்றே அதற்குப் பெயர். இதை ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார்கள், அவ்வளவு போதும்.

நோயாளியிடம் "நாம" என்று பேசுவது பற்றியும் ஒரு நல்ல பாடம் இருந்தது. "நாம இப்ப மாத்திரை சாப்பிடலாமா?" என்று நாம் சொல்வது கனிவு. ஜெர்மனிலும் "வீ கேட்ஸ் உன்ஸ் டென் ஹொய்டெ?", இன்றைக்கு நாம் எப்படி இருக்கிறோம் என்று சில நர்ஸ்கள் கேட்பார்கள், நானும் அவர்களைப் பார்த்துப் பழகிக்கொண்டேன். ஆனால் இதைக் கேட்டுப் பலருக்கு எரிச்சல் வருகிறது, குழந்தையை நடத்துவது போல நடத்துகிறார்கள் என்று. கூட வேலை செய்பவர்கள் பேசுவதை அப்படியே பிடித்துக்கொள்வது நல்ல பழக்கம்தான், ஆனால் வேலைக் களைப்பில் அவர்கள் பேசுவதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறோம். "முண்ட் ஆவுஃப்", வாயைத் திற, என்பதை நான் அப்படித்தான் கற்றிருந்தேன்.

இப்போது முக்கியமான குறை. இந்த வகுப்பு தலைகீழாக நேரம் ஒதுக்கியிருக்கிறது. ஜெர்மனில் மரியாதை எங்கே குடியிருக்கிறது என்றால், "பிட்டெ"யில் இல்லை, மால், டோஹ், டென் போன்ற குட்டிச் சொற்களில்தான். அதற்கு ஏழாவது வாரத்தில் முப்பத்தைந்து நிமிடம். அதுவும் கையில் கொடுத்த தாளில் "மால்: மென்மையாக்கும், மொழிபெயர்க்க முடியாது" என்று ஒரே வரி.

மொழிபெயர்க்க முடியாதாம்! ஆங்கிலத்தில் முடியாமல் இருக்கலாம். தமிழில் அதற்கு அச்சு அசலான சொல் இருக்கிறது: "கொஞ்சம்". "கையைக் கொஞ்சம் தூக்குங்க" என்று சொல்கிறோமே, அதில் அளவு ஏதாவது இருக்கிறதா? கையை முழுசாகத்தான் தூக்கச் சொல்கிறோம். அந்தக் கொஞ்சம் கையைப் பற்றியது இல்லை, கேட்பதைச் சின்னதாக்கிக் காட்டுவது. ஜெர்மன் மால் அதே வேலையைத்தான் செய்கிறது. "ஹேபன் ஸீ மால் டென் ஆர்ம்." அதில் எந்த அளவும் இல்லை, உத்தரவின் முனை மழுங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இது தெரியாததால் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று சொல்கிறேன். அகராதியில் கொஞ்சம் என்றால் "ஐன் பிஸ்ஷென்" என்று இருக்கும். நானும் மரியாதையாகப் பேசுவதாக நினைத்து, கையை "ஐன் பிஸ்ஷென்" தூக்குங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் இல்லத்தில் ஒரு தாத்தா இரண்டு அங்குலம் தூக்கிவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டு என்னைப் பார்ப்பார். சட்டை மாட்ட முடியாது. மறுபடி சொல்வேன், இன்னும் ஓர் அங்குலம். அவர் மேல் எனக்குக் கொஞ்சம் சலிப்புக்கூட வந்தது, வேண்டுமென்றே செய்கிறாரோ என்று. அவர் நான் கேட்டதைத்தான் சரியாகச் செய்துகொண்டிருந்தார்.

டோஹ் என்பதும் அப்படித்தான். "உட்காருங்க" என்பதற்கும் "உட்காருங்களேன்" என்பதற்கும் நடுவில் இருக்கிற அந்த "ஏன்" தான் டோஹ். "ஸெட்ஸன் ஸீ ஸிஷ் டோஹ்" என்றால் உட்காருங்களேன். டென் கேள்வியில் வரும், "எங்கங்க வலிக்குது?" என்பதில் இருக்கும் "ங்க"வுக்குப் பக்கத்தில் வருகிறது. "வோ டூட் எஸ் வே?" என்று மொட்டையாகக் கேட்டால் போலீஸ் விசாரணை, நடுவில் டென் சேர்ந்தால் அக்கறை. இவற்றில் ஆபத்தும் உண்டு, அதுவும் தமிழில் இருக்கிற அதே ஆபத்து. "அதான் சொன்னேனே" என்று நாம் சொல்லும் ஏகாரத்துக்கும் ஜெர்மனில் டோஹ் தான் வரும், "இஷ் ஹாப எஸ் ஈனன் டோஹ் கெஸாக்ட்", அது மென்மை இல்லை, குத்திக்காட்டுவது. "ஹெரன் ஸீ மால்" என்று அழுத்திச் சொன்னால் "இதோ பாருங்க" என்று சண்டைக்கு இழுப்பது. ஆகவே சொல்லை மட்டும் மனப்பாடம் செய்து பயனில்லை, எந்த இடத்தில் எந்தக் குரலில் என்று கேட்டுக் கேட்டுப் பழக வேண்டும். அதற்கு முப்பத்தைந்து நிமிடம் எப்படிப் போதும்?

இடைவேளையில் இதை ஆசிரியையிடம் சொன்னேன், தமிழில் கொஞ்சம், ஏன், ங்க என்று மூன்றையும் விளக்கினேன். அவர் நின்றுகொண்டே கேட்டார், எழுதிக்கொண்டார், அடுத்த வாரம் வகுப்பில் இருந்த ஒவ்வொருவரையும் "உங்கள் மொழியில் இதற்கு என்ன?" என்று கேட்டார். துருக்கிக்காரர் ஒன்று சொன்னார், போலந்துக்காரர் ஒன்று சொன்னார், பத்து நிமிடம் வகுப்பு நன்றாகச் சூடு பிடித்தது. அப்புறம் பாடத்திட்டப்படி மின்னஞ்சலுக்குப் போக வேண்டியிருந்தது. ஆசிரியை மேல் குறை இல்லை, திட்டம் போட்டவர்கள் மேல்தான்.

பிட்டெ பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் கையேட்டின் முதல் பக்கத்தில் "எப்போதும் பிட்டெ சேருங்கள்" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இது பாதி உண்மை. வாக்கியத்தின் தொடக்கத்தில் வைத்து "பிட்டெ வார்டன் ஸீ", காத்திருங்கள், என்றால் ரயில் நிலைய அறிவிப்பு போல ஒலிக்கும். "கென்டன் ஸீ பிட்டெ குர்ட்ஸ் வார்டன்?" என்று நடுவில் புதைத்தால்தான் மனிதர் பேசுவது போல இருக்கும். நமக்கு இது இன்னும் கஷ்டம், தமிழில் தினசரிப் பேச்சில் பிட்டெக்கு நேரான சொல்லே கிடையாது, "தயவுசெய்து" என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. அதனால் ஒன்று மறந்துவிடுகிறோம், இல்லாவிட்டால் ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் வைத்துவிடுகிறோம். அதோடு பிட்டெ என்பது இந்தாங்க, பரவாயில்லை, என்ன சொன்னீங்க என்று பல வேலை செய்கிறது. காதில் விழவில்லை என்றால் "வாஸ்?" என்று கேட்காமல் "வீ பிட்டெ?" என்று கேளுங்கள், இந்த ஒன்றுக்கே மரியாதை கூடிவிடும்.

டாங்கெயில் ஒரு பொறி இருக்கிறது. இன்னும் டீ வேண்டுமா என்று நான் கேட்டதற்கு அந்த 88 வயது அம்மா "டாங்கெ" என்றார். நன்றி சொல்கிறார், அப்படியானால் வேண்டும் போல என்று கோப்பையை நிரப்பி வைத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கோப்பையை எடுக்கப் போனபோது டீ தொடாமல் அப்படியே ஆறிக் கிடந்தது. கொடுப்பதை வாங்கிக்கொள்ள "யா, பிட்டெ" அல்லது "கெர்ன்". வெறும் டாங்கெ என்றால் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் அர்த்தம், கையும் லேசாக அசையும். வகுப்பில் இதை நாலாவது வாரம் நடித்துக் காட்டினார்கள், அப்போதுதான் எனக்கு அந்தக் கோப்பை புரிந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயம்.

மின்னஞ்சல் பகுதி வீண். "ஸேர் கெஏர்டெ ஃப்ராவ்" என்று ஆரம்பிப்பது, "மிட் ஃப்ரொய்ன்ட்லிஷன் க்ரூஸன்" என்று முடிப்பது, இதெல்லாம் பி1 தேர்வுக்குப் படித்தவர்களுக்கு மனப்பாடம். கோதே இன்ஸ்டிட்யூட்டின் பி1 எழுத்துத் தேர்வில் மூன்றாவது பகுதியே சுமார் 40 சொற்களில் ஒரு மரியாதையான மின்னஞ்சல்தான். ஏ1 பேச்சுத் தேர்வின் மூன்றாவது பகுதியும் ஒரு பொருளைக் கேட்பது, பதில் சொல்வது. ஆக, தேர்வுகள் இதைச் சோதிக்காமல் இல்லை. ஆனால் அங்கே ஒரு வாக்கியத்தைச் சரியாகச் சொன்னால் மதிப்பெண், இங்கே நாள் முழுக்க, தூக்கம் இல்லாமல், வலியில் இருக்கும் ஒருவரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொலைபேசிப் பாடம் ஒன்பதாவது வாரம் இருக்க வேண்டியது, ஆசிரியைக்கு உடம்பு சரியில்லை என்று ரத்தானது, அதற்குப் பதில் வகுப்பு கிடையாது, பணமும் திரும்ப வரவில்லை. டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்வதுதான் எங்கள் எல்லோருக்கும் பயம், முகம் பார்க்க முடியாது, மறுமுனையில் வேகமாகப் பேசுவார்கள். அந்தப் பாடத்துக்காகவே சிலர் சேர்ந்திருந்தார்கள். அலுவலகத்தில் கேட்டபோது விதிமுறையைக் காட்டினார்கள். ஷிப்ட் மாறி நான் தவறவிட்ட ஒரு வகுப்பை வியாழக்கிழமைக் குழுவில் உட்கார்ந்து கேட்கலாமா என்று கேட்டதற்கும் முடியாது என்றுதான் பதில். நர்ஸ்களுக்கென்றே நடத்தும் வகுப்பில் ஷிப்ட் மாற்றத்துக்கு வழி இல்லை என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

பலன் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. இப்போது காலையில் கதவைத் தட்டி, பதில் வரும் வரை நின்று, உள்ளே போய் "கூட்டன் மொர்கன்" சொல்லி (இங்கே "மொய்ன்" என்றாலும் சந்தோஷப்படுவார்கள், நாள் முழுக்கச் சொல்லலாம்), "இஷ் வ்யூர்டெ ஈனன் யெட்ஸ்ட் கெர்ன் டீ ஷ்ட்ரும்ஃபெ ஆன்ட்ஸீயன், இஸ்ட் டாஸ் இன் ஓர்ட்னுங்?" என்கிறேன். இப்போது உங்களுக்குக் காலுறை மாட்டிவிடலாம் என்று இருக்கிறேன், சரிதானே. முன்பு ஐந்து சொல், இப்போது பத்துக்கு மேல். எனக்குக் கூடுதலாக ஆவது மூன்று விநாடி. அந்த அம்மா சில நாள் "நைன்", வேண்டாம், என்றும் சொல்கிறார், இன்னும் பத்து நிமிடம் படுத்திருக்கிறேன் என்கிறார். சரி என்று பக்கத்து அறைக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறேன். முன்பெல்லாம் அவருக்கு அப்படிச் சொல்ல நான் இடமே கொடுத்ததில்லை.

யாருக்கு இந்த வகுப்பு? பி1 முடிக்காதவர்கள் இப்போதைக்கு வேண்டாம், கொன்யுங்க்டீஃப் கையில் இல்லாமல் போனால் வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு திரும்புவீர்கள். அதுவரை "கென்டன் ஸீ பிட்டெ லாங்ஸாமர் ஷ்ப்ரெஷன்?", கொஞ்சம் மெதுவாகப் பேச முடியுமா, இது ஒன்றை நன்றாகப் பழகுங்கள். உங்கள் உச்சரிப்பைக் கேட்டதும் எதிராளி ஆங்கிலத்துக்குத் தாவினால், "இஷ் வ்யூர்டெ கெர்ன் ஆவுஃப் டொய்ட்ஷ் வைட்டர்ஷ்ப்ரெஷன்" என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள், பெரும்பாலானவர்கள் உடனே ஜெர்மனுக்குத் திரும்பிவிடுவார்கள். பி2 முடித்து வேலையில் இருப்பவர்கள், முக்கியமாக மனிதர்களைத் தொட்டு வேலை செய்பவர்கள், தாராளமாகப் போகலாம். முழுப் பணத்தையும் நீங்களே கட்ட வேண்டாம், முதலாளியிடம் கேளுங்கள், நான் கேட்ட பிறகுதான் என் இல்லம் கொடுத்தது.

என் மதிப்பெண் பத்துக்கு ஏழு. இரண்டு குறைந்தது குட்டிச் சொற்களுக்கு நேரம் தராததற்கு, ஒன்று அலுவலகத்துக்கு. சேரும் முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். அதில் மால், டோஹ், டென் ஆகியவற்றுக்கு எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள், ஒரு வகுப்பு முழுவதும் இல்லை என்றால் வேறு இடம் தேடுங்கள். ரத்தாகும் வகுப்புக்கு மாற்று உண்டா என்பதையும் வாய்ச்சொல்லாக வாங்காமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கருத்துப் படிவத்தில் நான் இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன், கொன்யுங்க்டீஃபில்தான் எழுதினேன். அடுத்த குழுவுக்குத் தொலைபேசிப் பாடத்தை மூன்றாவது வாரத்துக்கு மாற்றுவதாகப் பதில் வந்திருக்கிறது.